அண்ணன் வாயில் ஒரு மூன்றாவது வேர்

வாயைப் பிளந்து படுத்திருக்கும் மனிதரைக் குனிந்து பார்த்து "வாழ்த்துகள்!" என்று கூவும் பல் டாக்டர்கள் உலகத்தில் எத்தனை பேரோ தெரியாது. டயர்க்கடைக்கு மேல் மாடியில் ஒருவர் இருந்தார். வாழ்த்துப் பெற்றவர் பதிலுக்கு நன்றி சொல்லும் நிலையில் இருக்க மாட்டார். வாயில் ரப்பர் திரை, எச்சில் உறிஞ்சும் குழாய், அதற்கும் மேல் டாக்டரின் இரண்டு விரல்கள். கண்ணை மட்டும் உருட்டுவார். என்ன ஆச்சு, எதற்கு வாழ்த்து, நான் பிழைப்பேனா என்று அந்தக் கண்கள் கேட்கும்.

"உங்க பல்லுல நாலு கால்வாய் சார்! வழக்கமா கண்ணுக்கு மூணுதான் கெடைக்கும். நீங்க நாலாவது ஒண்ண ஒளிச்சு வெச்சிருந்தீங்க. கண்டுபுடிச்சுட்டேன்!" என்று டாக்டர் குதிப்பார். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே குதிப்பார். கீழே டயர்க்கடைக்காரர் அண்ணாந்து பார்த்து, "மாடியில யாருக்கோ நாலு போல" என்பார். எண்ணை அவர் எப்படித் தெரிந்துகொண்டார் என்றால், குதியின் அளவை வைத்துத்தான். ஐந்து கிடைத்த அன்று அவர் கடையில் சுவரில் மாட்டியிருந்த டியூப் ஒன்று கீழே விழுந்திருக்கிறது.

இந்த டாக்டருக்குச் 'சுரங்கம்' என்று பெயர் வைத்தது கல்லூரித் தோழிகள். இப்போது வயது நாற்பத்தேழு, பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெருவில் 'சுரங்க டாக்டர்' என்றால்தான் வழி சொல்வார்கள். பல் வேருக்குள் முடியளவு குழாய் ஒன்று ஓடும், அதற்குள் நரம்பும் ரத்தமும் இருக்கும், அது கெட்டுப்போனால் குடைந்து சுத்தம் செய்து அடைத்துவிட்டுப் பல்லைக் காப்பாற்றலாம். விஷயம் இவ்வளவுதான். ஆனால் பாடப் புத்தகத்தில் வேர்கள் காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. வாயில் இருக்கும் வேர்களோ அந்தப் புத்தகத்தைப் படித்ததே இல்லை. ஒன்று வளையும், இன்னொன்று பக்கத்து வேரோடு ஒட்டிக்கொள்ளும். ஒன்றே ஒன்று என்று நினைத்தது உள்ளே போய் இரண்டாகப் பிரியும். மற்ற டாக்டர்கள் இதைப் பார்த்துத் தலையில் கை வைப்பார்கள். சுரங்க டாக்டர் கையைத் தட்டுவார்.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளை சிரித்தால் ஊரே மகிழும். இவர் மட்டும் அந்தச் சிரிப்புக்குள் எட்டிப் பார்த்து நெற்றியைச் சுருக்குவார். ஓட்டலில் கை துடைக்கக் கொடுக்கும் காகிதத்தில் வேர் படம் வரைவார். அதைப் பார்த்துவிட்டுச் சர்வர் ஒருமுறை, "இந்தக் கேரட் எங்க மெனுவுல இல்ல மேடம்" என்றிருக்கிறார்.

இவ்வளவு ஞானம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து வந்தது. அந்த டின்னுக்குள் இருப்பது பிஸ்கட் இல்லை. பிடுங்கிய பற்கள், நூற்றுக்கணக்கில். கல்யாணமான முதல் வாரத்தில் இவருடைய கணவர், லிஃப்ட் மெக்கானிக், நெஞ்சில் ஈரமுள்ள மனிதர், மனைவிக்கும் சேர்த்து டீ போட்டுவிட்டு, தொட்டுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று அந்த டின்னைத் திறந்தார். அன்றைக்கே டின் கிளினிக் அலமாரிக்குக் குடிபோய்விட்டது. இருந்தும் என்ன, இப்போதும் அவர் வீட்டில் உப்பு டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் ஒருமுறை குரல் கொடுப்பார்.

அத்தனை பல்லும் ஒரே ஆளின் உபயம். அவர் சுரங்க டாக்டரின் சொந்த அண்ணன்.

அண்ணனும் பல் டாக்டர்தான், இரண்டு தெரு தள்ளி. தங்கை காப்பாற்றுகிற கட்சி, அண்ணன் பிடுங்குகிற கட்சி. ஏழு வயது மூத்தவர், கை சுத்தம், ஒரு பல்லுக்கு நாலு நிமிஷம். "வலிக்குதா? எடுத்துடலாம். இல்லாத பல்லு என்னைக்காவது வலிச்சிருக்கா?" என்பது அவருடைய முழுத் தத்துவம். அண்ணி அவருக்குப் 'பிடுங்கல் திலகம்' என்று பட்டம் கொடுத்திருந்தார். மாதம் பிறந்தால் ஒரு மருந்துப் பாட்டிலில் அந்த மாத அறுவடையைப் போட்டு, மேலே 'பாப்பாவுக்கு' என்று எழுதித் தங்கைக்கு அனுப்பிவைப்பார். நாற்பத்தேழு வயதுப் பாப்பா அவற்றைக் கழுவி, குறுக்கே அறுத்து, நீல மை விட்டு, மை எந்தெந்தச் சந்துக்குள் புகுந்து போகிறது என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பார். தான் எதிர்க்கட்சிக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறோம் என்பது அண்ணனுக்குத் தோன்றியதே இல்லை.

டின்னின் அடியில் பஞ்சில் சுற்றிய ஒரு பல் உண்டு. அது டாக்டருடையதே; அதைமட்டும் அவர் அறுத்ததும் இல்லை, லென்ஸ் வைத்துப் பார்த்ததும் இல்லை. பள்ளி இறுதி வருஷத்தில் கீழ் வரிசை இடது கடைவாயில் வலி வந்தது. அண்ணன் அப்போதுதான் பட்டம் வாங்கி, கை துறுதுறு என்று இருந்த காலம். வீட்டுச் சாப்பாட்டு நாற்காலியில் உட்காரவைத்தே எடுத்துவிட்டார். நாலு நிமிஷக்காரருக்கு அன்றைக்கு அரை மணி நேரம் ஆனது. "உன் பல்லு உள்ள கொக்கி போட்டுக்கிட்டு வர மாட்டேன்னு அடம் புடிச்சுது பாப்பா. நான் விடுவேனா?" என்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெருமையாகச் சொன்னார். அந்த ஓட்டைதான் இவரைப் பல் மருத்துவத்துக்கு இழுத்துவந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் மார்க்கு அதற்குத்தான் வந்தது. ஓட்டையை நாக்கு தேடிப் போவதுமட்டும் முப்பது வருஷமாக நிற்கவில்லை.

அப்படிப்பட்ட அண்ணனுக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் பல் வலி வந்தது. கீழ் வரிசை, இடது கடைவாய், முதல் பெரிய பல். அவருடைய தத்துவப்படி நாலு நிமிஷ வேலை. ஆனால் மனிதர் முகமூடி போட்டுக்கொண்டு, கடைசி நோயாளி போகட்டும் என்று எதிர்ப்பக்கம் நின்று பார்த்திருந்து, டயர்க்கடை மாடி ஏறி வந்தார்.

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். அப்படியே உன் ரூட் கெனால், ரூட் கெனால்னு சொல்றியே, அது என்னன்னு பாக்கலாம்னு..."

சுரங்க டாக்டருக்குத் தலை கால் புரியவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் உறுப்பினர் படிவம் கேட்டு வந்திருக்கிறார்! அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு நடந்தது.

எந்தப் பல்லானாலும் இரண்டு எக்ஸ்ரே எடுப்பது இவர் வழக்கம். ஒன்று நேராக, மற்றது குழாயைச் சாய்த்துவைத்து. வரிசையில் ஒருவர் பின்னால் ஒருவர் நின்றால் முன்னால் நிற்பவர் மட்டும்தான் படத்தில் விழுவார். நாம் இரண்டடி தள்ளிப் போய்ப் பார்த்தால் பின்னால் நிற்பவரும் தெரிவார். வேரும் அப்படித்தான். போலீஸ் அதிகாரி, தலைமை ஆசிரியை, யாராக இருந்தாலும் இரண்டு படம். ஆனால் முதல் படம் எடுத்ததும் அண்ணன் கையை ஆட்டினார்.

"ஒண்ணு போதும் பாப்பா. நான் பாக்காத பல்லா? ரெண்டு வேர், மூணு கால்வாய். ஆரம்பி."

ஐந்து வயதில் அண்ணன் "லைட்ட அணை" என்றால் எழுந்து போய் அணைத்தவர், நாற்பத்தேழு வயதிலும் எழுந்து போய் எக்ஸ்ரே குழாயை ஓரமாக நகர்த்திவைத்தார். உலகத்தில் வேறு யாரும் அந்தக் குழாயை நகர்த்தவைத்திருக்க முடியாது.

இரண்டு வேர், மூன்று கால்வாய். சுத்தம் செய்து அடைத்தார். முடிந்தபின் எடுத்த படம் பாடப் புத்தகத்தில் போடலாம் போல இருந்தது. சந்தேகப்பட வேண்டிய அழகு அது. டாக்டர் சந்தேகப்படவில்லை.

சில வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை அண்ணி போன் செய்தார்.

"பாப்பா, உங்க அண்ணா காபி குடிச்சாரு."

"சரி அண்ணி."

"குடிச்சத என் மேலயே துப்பினாரு. வலியான்னு கேட்டா இல்லங்கறாரு. இல்லங்கும்போதே கண்ணுல தண்ணி ஊத்துது. மூணு நாளா இதே கூத்து. இப்போ கண்ணாடி முன்னாடி நின்னு, தானே புடுங்கிக்கலாமான்னு குறடப் புடிச்சு அளவு பாத்துட்டிருக்காரு."

பின்னால் ஏதோ இழுபறிச் சத்தம். போன் கைமாறியது.

"பாப்பா, உன் சுரங்கம், குகை எல்லாம் பம்மாத்து. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு என் ஜூனியர் எடுத்துடுவான். உங்கிட்ட சொல்லணும்னு சொன்னேன், அவ்வளவுதான்."

பல் ஒன்று போவது பெரிதில்லை. இந்த அண்ணன் ஒரு பல்லைக் காப்பாற்றச் சொல்லி வந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அதுவும் தோற்றால் இனி அவர் நாற்காலியில் வந்து உட்காரும் ஒவ்வொருவருக்கும் "என் தங்கச்சியே செஞ்சா, நிக்கல" என்று சொல்லிச் சொல்லியே பிடுங்குவார். சொல்வது பொய்யாகவும் இருக்காது.

"அண்ணா, இன்னைக்கு நாலு மணிக்கு வா. ஒரு மணி நேரம் குடு. அதுக்குள்ள முடியலேன்னா நானே எடுத்துடறேன்."

"நீயா? நீ எடுப்பியா?"

"எடுப்பேன்."

இருபது வருஷத் தொழிலில் தங்கை மனமொப்பிக் குறடு பிடித்ததில்லை என்பது அண்ணனுக்குத் தெரியும்.

"நாலு மணி," என்று வைத்துவிட்டார்.

டாக்டர் பழைய படத்தைத் திரையில் போட்டுப் பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நடந்தார். நின்றார். காபி! சூடு பட்டால் வலி! நரம்பை எடுத்த பல் செத்த பல். செத்த பல் சூட்டுக்குக் கத்தாது. கத்துகிறது என்றால் உள்ளே யாரோ உயிரோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

யார்? எங்கே?

நாக்கு தன் பாட்டுக்கு இடது பக்க ஓட்டைக்குப் போனது. போன நாக்கு அங்கேயே நின்றது. கீழ் வரிசை. இடது. முதல் பெரிய பல். கொக்கி போட்டுக்கொண்டு அடம் பிடித்த பல்!

பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தார். நூற்றுக்கணக்கான பற்கள் மேஜை மேல் சலசலவென்று உருண்டன. பஞ்சைப் பிரித்து லென்ஸுக்கு அடியில் வைத்தார். முன்னால் ஒரு வேர், பின்னால் ஒரு வேர். அந்தப் பின்வேருக்கு மறைவில், நாக்குப் பக்கமாக, சின்ன விரலை மடக்கினது போல, கன்னத்தை நோக்கி வளைந்த மூன்றாவது வேர் ஒன்று. நேராக எடுத்த படத்தில் அது பின்வேரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்ளும். இது சில குடும்பங்களில் வழிவழியாக வரும். ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே மூக்கு, ஒரே பிடிவாதம். வேர் மட்டும் வேறாகவா இருக்கப் போகிறது?

கணவருக்குப் போன் செய்தார். "ஏங்க! எங்க அண்ணாவுக்கு மூணு வேர் இருக்கு!"

"ரொம்ப சந்தோஷம்மா. நான் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவுல கயித்துல தொங்கிட்டிருக்கேன். கீழ வந்து சந்தோஷப்படட்டுமா?"

நாலு மணிக்கு அண்ணன் வந்தார், இடது கன்னம் லேசாக உப்பியிருக்க. பின்னால் அண்ணி, கையில் ஒரு துணிப்பை. பையிலிருந்து அண்ணன், கொதிநீர் ஆவியில் சுத்தம் செய்து உறையிட்டுக் கொண்டுவந்த பளபளக்கும் குறடு ஒன்றை எடுத்துத் தங்கையின் தட்டில் வைத்தார். முடியளவு கருவிகளுக்கு நடுவில் அது குழந்தைகள் வகுப்பில் உட்கார்ந்த பயில்வான் மாதிரி இருந்தது.

"இது எதுக்கு அண்ணா?"

"உங்கிட்ட இருக்கறது பூரா ஊசியும் நூலுமா இருக்கும். எடுக்கறதுன்னா ஒரு நல்ல ஆயுதம் வேணாமா?"

உதவிக்கு இருந்தவர் டார்ச் அக்கா. பதினெட்டு வருஷமாக விளக்கைப் பிடித்துப் பிடித்து அந்தப் பெயர். குறடை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, அதன் மேல் பஞ்சு டப்பாவைத் தூக்கி வைத்தார்.

டாக்டர் எக்ஸ்ரே குழாயைச் சாய்த்தார்.

"மறுபடி படமா? அதான் அன்னைக்கே..."

"வாயத் திற," என்றார் தங்கை.

அண்ணன் திறந்தார். திறந்த பிறகுதான் தான் திறந்துவிட்டதே அவருக்குத் தெரிந்தது.

திரையில் படம் விழுந்தது. பின்வேருக்கு அருகே, நகத்தால் கீறினது போல மங்கலாக ஒரு வளைவு.

"டாக்டரம்மா, இது வேரா, தூசியா?" என்றார் டார்ச் அக்கா.

"தூசி. தொடைங்க," என்றார் அண்ணன்.

டார்ச் அக்கா துடைத்தார். போகவில்லை. இன்னொருமுறை துடைத்தார். அண்ணி கிட்டே வந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, "ஏங்க, இது உங்களுக்குள்ளதான் இருக்கு" என்றார்.

மரத்துப்போக ஊசி போட்டு, ரப்பர் திரையை மாட்டி, பழைய அடைப்பை எடுத்ததும் பல்லின் தரை தெரிந்தது. மூன்று கால்வாய்களின் வாய்களும் அடைத்தது அடைத்தபடி ஒழுங்காக இருந்தன. நாலாவது வாய் எங்கே? நாக்குப் பக்க மூலையில்தான் இருக்க வேண்டும். டாக்டர் பூதக்கண்ணாடி பொருத்திய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த மூலையை மணல் மணலாகச் சுரண்டினார். நீல மை விட்டார். கழுவினார். ஒன்றும் இல்லை. மேலும் சுரண்டினார். அதிகம் போனால் தரையில் ஓட்டை விழும், ஓட்டை விழுந்தால் அந்தப் பல், தட்டில் இருக்கும் பயில்வானுக்குத்தான். பயந்து நிறுத்தினாலோ நாலாவது ஆள் உள்ளேயே குடியிருப்பான்.

நாற்பது நிமிஷம் போனது. அண்ணன் ரப்பர் திரைக்குக் கீழிருந்து ஒலி எழுப்பினார். "ஆ ஊ... ஆஆ இஇ..."

"இருபது நிமிஷம்தான் இருக்குங்கறாரு," என்றார் அண்ணி. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவருக்கு அந்த மொழி அத்துப்படி.

அண்ணன் நீளமாக இன்னொன்று சொன்னார்.

"அது வேணாம் பாப்பா. அத நான் சொல்ல மாட்டேன்."

டாக்டர் தரையைக் கழுவும் மருந்தை ஒரு சொட்டு விட்டுவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டே இருந்தார். உயிருள்ள சதை எங்கே இருக்கிறதோ அங்கே அந்த மருந்து நுரைக்கும். தரை அசையாமல் இருந்தது. டார்ச் அக்கா விளக்கை ஒரு இம்மி திருப்பினார்.

மூலையில் ஒரு குமிழ். கடுகில் பத்தில் ஒரு பங்கு. உடைந்தது. இன்னொரு குமிழ். அதே இடத்திலிருந்து!

"அக்கா, எட்டாம் நம்பர்!"

எட்டாம் நம்பர் ஃபைல் என்பது கண்ணில் விழுந்தால்கூடத் தெரியாத மெல்லிய கம்பி. டாக்டர் அதைக் குமிழ் வந்த இடத்தில் வைத்து, விரல் நுனியில் லேசாக உருட்டினார். உள்ளே போனது.

"ஆஆஆஆ!"

மரத்துப்போகப் போட்ட ஊசியையும் மீறி அண்ணனின் இரண்டு கால்களும் ஆகாயத்துக்குப் போயின. தட்டு சரிந்தது, பஞ்சு பறந்தது, பயில்வான் தரையில் டணார் என்று விழுந்து சுழன்றான்.

"வாழ்த்துகள்!" என்று டாக்டர் கூவினார். "அங்கதான்! அங்கதான் அண்ணா! உனக்கு வலிக்குது! இவ்வளவு நல்லா வலிக்குது! அண்ணி, பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். என் கைய விடச் சொல்லு, எலும்பு முறியுது!"

கீழே டயர்க்கடைக்காரர் வாடிக்கையாளரிடம், "சத்தம் புதுசா இருக்கு. இது எண்ணிக்கைல வராது" என்றார்.

கால்வாய்க்குள்ளேயே மருந்து ஏற்றியதும் அண்ணன் அடங்கினார். ஆனால் வாசலைக் கண்டுபிடித்தது பாதி வேலைதான். ஃபைல் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. அங்கேதான் கொக்கி. அழுத்தினால் கம்பி உள்ளேயே முறியும். முறிந்தால் எடுக்க முடியாது. வெளியே எடுத்தார், நுனியை வளைத்தார், மறுபடி விட்டார். நின்றது. இன்னும் வளைத்தார். நின்றது.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து.

டாக்டர் கையை எடுத்தார். முதுகு நனைந்திருந்தது. பொய் சொல்லி இன்னும் பத்து நிமிஷம் திருடலாம், கடிகாரம் அண்ணனின் தலைக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஆனால் சொன்ன சொல் சொன்ன சொல்தான்.

"அண்ணா, மணி அஞ்சாச்சு. வாசலக் கண்டுபுடிச்சுட்டேன், உள்ள வளைவுல நிக்குது. போகும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. எடுக்கச் சொன்னா எடுத்துடறேன். உன் இஷ்டம்."

டார்ச் அக்கா தரையில் கிடந்த குறடைப் பொறுக்கி, உறையைப் பார்த்து, "கிழிஞ்சுபோச்சு டாக்டரம்மா, நம்மகிட்ட இருக்கறத எடுக்கட்டுமா?" என்று அலமாரியைத் திறந்தார். உள்ளே இரும்பு இரும்போடு இடிக்கும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்துக்கு அண்ணனின் முகம் வெளுத்தது. தங்கை அதைப் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடியை அவர் இறுக்கியிருந்த பிடி, சாப்பாட்டு நாற்காலியில் பதினேழு வயதில் தான் பிடித்த அதே பிடி. ஆயிரக்கணக்கான வாய்களில் கூசாமல் குறடு விட்ட மனிதர், தன் வாய்க்கு அது வரும் என்றதும் குழந்தையாகக் கிடந்தார். முகமூடி போட்டுக்கொண்டு மாடியேறி வந்தது எதற்கு என்று டாக்டருக்கு இப்போதுதான் புரிந்தது. மூன்று நாள் காபியைத் துப்பியும், கூடவே இருக்கும் ஜூனியரிடம் வாயைக் காட்டாமல் 'நாளைக்கு' என்று தள்ளிப்போட்டதும் அதற்குத்தான்.

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சின்னதாக ஒலி எழுப்பினார். "ஆ... ஊ."

அண்ணி மொழிபெயர்த்தார். "நீ பாரு பாப்பாங்கறாரு. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லையாம்."

டாக்டர் மேஜைக்குப் போய், பஞ்சில் கிடந்த தன் பல்லை எடுத்தார். மூன்றாவது வேரின் வளைவுக்குப் பக்கத்தில் எட்டாம் நம்பரைப் பிடித்து, வேர் போகும் வழியிலேயே கம்பியையும் வளைத்தார். இதுவரை முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டிருந்தார். வேர் கன்னத்துப் பக்கம் அல்லவா திரும்புகிறது! கம்பியின் ரப்பர் வளையத்தில், நுனி எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தெரிய மையால் ஒரு புள்ளி வைத்தார். திரும்பி வந்து, புள்ளி கன்னத்தைப் பார்க்க, ஃபைலை உள்ளே விட்டார்.

நின்ற இடம் வந்தது. நின்றது. தள்ளவில்லை. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல இப்படி ஒரு துளி, அப்படி ஒரு துளி. டார்ச் அக்கா மூச்சை அடக்கினதில் உறிஞ்சுகுழாய் அண்ணனின் உதட்டைக் கவ்விக்கொண்டு கீச்சென்றது. யாரும் சிரிக்கவில்லை.

ஏதோ ஒன்று வழிவிட்டது. கம்பி மூலையில் திரும்புவது விரலுக்குத் தெரிந்தது. ஃபைலோடு ஒயரில் இணைத்திருந்த, வேர் நுனி வந்தால் கூவும் பெட்டி முதலில் ஒரு பிப் என்றது. பிறகு இன்னொரு பிப். பிப் பிப் பிப் என்று அவசரப்பட்டு, கடைசியில் விடாமல் ஒரே இழுப்பாகக் கூவியது.

இந்தத் தடவை டாக்டர் குதிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, கையுறைக் கையை மேலே தூக்கியபடி, அந்தக் கூவலை ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தார். குதித்தது டார்ச் அக்கா. எண்பது கிலோ. டயர்க்கடையில் என்ன விழுந்தது என்பதை மறுநாள் கடைக்காரர் எழுதியே கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அண்ணன் சூடாகக் காபி குடித்தார். யார் மேலும் துப்பவில்லை என்று அண்ணி போனில் சாட்சி சொன்னார்.

பத்து நாள் கழித்து நாலாவது கால்வாயையும் அடைத்து, படம் எடுத்தார்கள். திரையில் நாலு வெள்ளைக் கோடு. கடைசிக் கோடு மட்டும் கன்னத்தை நோக்கி மடங்கியிருந்தது. அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். 'நீ சொன்னது சரி', 'நான் சொன்னது தப்பு' என்பது போன்ற சொற்கள் அவர் வாயிலிருந்து வரவில்லை. அவை அந்த வாயில் முளைப்பதில்லை.

"இந்த மாதிரி எத்தனை பேருக்கு இருக்கும்?"

"நம்ம பக்கம் நூறு பேரப் பாத்தா ஒரு மூணு நாலு பேருக்கு இருக்கலாம்."

"மூணுன்னே வெச்சுக்குவோம்."

"நாலாவும் இருக்கலாம் அண்ணா."

"மூணு," என்றார் அண்ணன் உறுதியாக.

"பத்து நாளா ஊரெல்லாம் இதே பேச்சு பாப்பா," என்றார் அண்ணி. "பல்லு எடுக்க வர்றவங்க கிட்ட எல்லாம், உங்களுக்கெல்லாம் ரெண்டு வேர்தான், எனக்குக் கொக்கி வேர்ங்கறாரு. நேத்து ஒரு பெரியவர் எந்திரிச்சு நின்னு கும்பிட்டுட்டுப் போறாரு."

அண்ணன் அதைக் காதில் வாங்காதவர் போல வலது கன்னத்தைத் தடவினார். "இது ஒரு பக்கம்தான் இருக்குமா?"

"சில பேருக்கு ரெண்டு பக்கமும் இருக்கும்..." என்று சொல்லிவிட்டுத்தான் டாக்டர் நாக்கைக் கடித்தார்.

அதற்குள் அண்ணன் யாரும் கூப்பிடாமலே நாற்காலியில் ஏறிப் படுத்திருந்தார்.

"வலது பக்கம் எடு."

"வலிக்காத பல்லுக்கு எதுக்கு அண்ணா படம்?"

"வலிக்குது."

"எப்போலேந்து?"

"இதோ, இப்போதான்."

நேராக ஒரு படம் எடுத்தார். இரண்டு வேர்.

"ஒரு படத்த வெச்சு என்ன தெரியும்? நீயெல்லாம் என்ன டாக்டர்? சாய்ச்சு எடு!"

சாய்த்து எடுத்தார். இரண்டே வேர். பாடப் புத்தகத்திலிருந்து இறங்கிவந்து நின்றது போல, கை கட்டிக்கொண்டு, ஒழுங்காக, இரண்டு. அண்ணன் எழுந்து திரையைக் கைக்குட்டையால் துடைத்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

"ஏங்க, வெளிய நாலு பேர் காத்துட்டிருக்காங்க. வாங்க போலாம்," என்று அண்ணி கையைப் பிடித்து இழுத்தார்.

அண்ணன் கையை விடுவித்துக்கொண்டு, மறுபடி நாற்காலியில் ஏறி, வாயைத் திறந்தார். திறந்த வாயோடு விரலை மேலே காட்டி ஏதோ சொன்னார்.

டாக்டர் அண்ணியைப் பார்த்தார்.

"மேல் வரிசை இன்னும் இருக்காம்," என்றார் அண்ணி.